ஊமற்கரியில் கந்தகக் கதோட்டு: 30 சுற்றுக்குள் கொள்ளளவு பாதிக்கும் கீழே போகிறது

இரணைமடு21:
வணக்கம். இலித்தியம்-கந்தக மின்கலம் ஒன்றின் கதோட்டுக்காக (மின்னிறக்கத்தில் நேர்முனையாக நிற்கும் மின்வாய்), பூநகரிப் பக்கத்து ஊமலை (பனங்கொட்டை ஓடு) கரியாக்கி, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுடன் 1:3 நிறையில் சேர்த்து, நைதரசன் ஓட்டத்தில் 750 பாகையில் ஒரு மணி நேரம் கிளர்வூட்டி நுண்துளைகளை உண்டாக்கினோம். பிறகு 155 பாகையில் 12 மணி நேரம் கந்தகம் ஏற்றினோம். கலவையில் கந்தகம் 70 சதவீதம். பொடியை ஒட்டவைக்கும் பசை பிவிடிஎப் (PVDF) என்ற பல்பகுதியம். மின்பகுபொருள் (அயன்களைக் கடத்தும் திரவம்), டையொட்சோலேனும் டைமீதொட்சி ஈதேனும் சரிபாதி கலந்ததில் 1 மோலர் இலித்தியம் ரிஎப்எஸ்ஐ (LiTFSI) உப்பு.
முதல் மின்னிறக்கம் கிராம் கந்தகத்துக்கு 1050 மில்லியம்பியர்-மணி, 30ஆவது சுற்றில் 420. மின்னேற்றும்போது 2.4 வோல்ற்றிலேயே நின்று இழுபடுகிறது. கரியில் பிழையா, வேறெங்குமா? நுண்துளை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை.

மாங்குளம்_வேதி:
இரண்டு பிழை சேர்ந்து நிற்கிறது, தனித்தனியாகப் பிடிக்க வேண்டும்.
2.4 வோல்ற்றில் இழுபடுவது, கரைந்த பொலிசல்பைட்டு (மின்னிறக்கத்தின் இடையில் உண்டாகும் இலித்தியம்-கந்தகச் சேர்மம்) இலித்தியத் தகட்டுக்கும் கதோட்டுக்கும் இடையே போய்வருவதன் அடையாளம். உங்கள் மின்பகுபொருளில் இலித்தியம் நைத்திரேற்று இல்லை. 10 மில்லிலீற்றருக்கு 2.87 கிராம் ரிஎப்எஸ்ஐ உப்புடன் 0.14 கிராம் நைத்திரேற்றும் சேருங்கள், அது ஏறத்தாழ 0.2 மோலர். இரண்டும் ஈரம் உறிஞ்சும் உப்புகள். மாரி காலத்தில் கேட்கவே வேண்டாம், வெற்றிடத்தில் 110 பாகையில் இரவு முழுதும் உலர்த்திவிட்டே கையுறைப் பெட்டிக்குள் (காற்றும் ஈரமும் புகாத, சடவாயு நிரப்பிய பெட்டி) எடுக்க வேண்டும். மின்னிறக்கத்தை 1.7 வோல்ற்றுக்குக் கீழே விடாதீர்கள், நைத்திரேற்று கதோட்டிலேயே சிதைந்துபோகும்.
ஆனால் நைத்திரேற்று காப்பது இலித்தியத்தின் மேற்பரப்பை மட்டும். கதோட்டிலிருந்து கந்தகம் கழன்று போவதை அது தடுக்காது. அங்கே பிழை 70 சதவீதம் என்ற எண்ணில்தான்.
கருவி இல்லாமலே பார்க்கலாம். 120 பாகையில் உலர்த்திய கரி ஒரு கிராம் எடுத்து, துளித்துளியாக எதனோல் விட்டுக் கிளறுங்கள். பொடி உதிரியாக இருந்து, சட்டென்று ஒட்டிப் பசையாகும் கணத்தில் நிறுத்தி நிறுங்கள். ஏறிய நிறையை 0.79ஆல் வகுத்தால் துளைக் கனவளவு. மணிகளுக்கு இடையே நிற்கும் எதனோலும் இதில் சேரும் என்பதால் உண்மை அளவு சற்றுக் குறைவாகவே இருக்கும்.
0.9 கன சென்ரிமீற்றர் வந்ததாக வையுங்கள். ஒரு கிராம் கந்தகம் முழுதும் இலித்தியம் சல்பைட்டாக மாறும்போது 0.86 கன சென்ரிமீற்றர் இடம் கேட்கும். ஆகவே அந்தக் கரி தாங்குவது தன் நிறைக்கு 1.04 மடங்கு கந்தகம், கலவையில் 51 சதவீதம். 70 சதவீதம் என்றால் ஒரு கிராம் கரிக்கு 2.33 கிராம். கந்தகமாக இருக்கையிலேயே அதற்கு 1.13 கன சென்ரிமீற்றர் வேண்டும். மிஞ்சியது வெளியே தோலாகப் படிந்து முதற் சுற்றுகளிலேயே கரைந்து போகிறது.

பனங்காடு:
155 பாகை சரி, உருகிய கந்தகம் அங்கேதான் மிக இளக்கம். 159 தாண்டினால் நீண்ட சங்கிலிகளாகித் தடித்துவிடும், துளைக்குள் இறங்காது. மலிவான உலையின் காட்டியை நம்பாமல் பாத்திரத்தோடு தனி வெப்பமானி வைத்துப் பாருங்கள். ஏற்றி முடிந்ததும் மூடியைத் திறந்து ஆகன் வாயு ஓட்டத்தில் 200 பாகையில் அரை மணி விட்டால் வெளித்தோல் பெரும்பாலும் போய்விடும். அதன்பின் நிறுத்து எடுப்பதே உண்மையான கந்தக அளவு.
பிவிடிஎப் வேண்டாம். அதன் கரைப்பானை ஓட்ட வெப்பம் கூட்ட வேண்டும், அந்த வெப்பத்தில் கந்தகமும் பதங்கமாகும். அதற்குப் பதிலாக சிஎம்சி (CMC), எஸ்பிஆர் (SBR) என்ற பசைகளை நீரில் கலந்து, காபன் பூசிய அலுமினியத் தாளில் தடவி, 60 பாகையில் உலர்த்துங்கள்.
ஒரு எச்சரிக்கை: கிளர்வூட்டிய கரியை உலையிலிருந்து எடுத்து நேரே தண்ணீரில் கொட்டாதீர்கள். பொற்றாசிய உலோகம் உள்ளே தங்கியிருந்தால் பற்றிக்கொள்ளும். நைதரசனிலேயே முழுக்க ஆறவிட்டு, எதனோலால் மெல்ல நனைத்து, பிறகு ஐதான ஐதரோகுளோரிக் அமிலம், பிறகு கழுவுநீர் நடுநிலையாகும் வரை வடிநீர்.

இரணைமடு21:
நன்றி அண்ணா. ஊமலுக்குப் பதிலாக ஆலைகளில் கிடக்கும் உமிச்சாம்பல் உதவுமா?

மாங்குளம்_வேதி:
நெல் அவிக்கும் அடுப்பில் எரிந்த சாம்பல் உதவாது தம்பி. காபன் பெரும்பாலும் எரிந்துவிட்டது, சிலிக்காவும் கடும் சூட்டில் பளிங்காகி இலகுவில் கரையாது. பச்சை உமியை நைதரசனில் 600 பாகையில் கரியாக்கி, சூடான சோடியம் ஐதரொட்சைட்டில் சிலிக்காவைக் கரைத்து எடுத்தால், சிலிக்கா இருந்த இடமே துளையாக நிற்கும். அதையும் எதனோலால் அளந்தே கந்தகம் நிறுங்கள்.

பனங்காடு:
பழைய கலங்களைத் திறந்து பார்ப்பதென்றால் கையுறைப் பெட்டிக்குள் மட்டும். இலித்தியம் சல்பைட்டில் ஈரக்காற்றுப் பட்டால் ஐதரசன் சல்பைட்டு வரும். அழுகிய முட்டை மணம் நின்றுவிட்டது என்று வாயு போனதாக எண்ண வேண்டாம், செறிவு கூடினால் மூக்கே மரத்துப்போகும்.