மறுமொழி: ஓதமின் நிலையமும் அதைச் சூழ்ந்த சொற்களும்

அன்புடையீர்,

கலைச்சொல் பட்டியலுக்காக இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை ஒருசேரப் படித்தேன். கடல்நீர் நாள்தோறும் ஏறி வற்றுவதைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் முறைக்கு அலை மின்சாரம், கடல் மின்சாரம், ஓத மின்சாரம், வற்றுப்பெருக்கு மின்சாரம், வேலியேற்ற மின்சாரம் எனப் பல பெயர்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்ற தொனி சில மடல்களில் தெரிகிறது. பெயரைத் தேர்வது எளிய பகுதி என்றே நான் கருதுகிறேன். அதன் கீழ் அணிவகுக்கும் அளவுச் சொற்களில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. அங்கே சொல் வழுவினால் கணக்கும் வழுவும்.

முதலில் பெயர்.

> மக்களுக்குப் புரிவது அலை என்ற சொல்தான். செய்தித்தாள்களும் அதையே எழுதுகின்றன. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ள முடியாது என்பதற்குக் காரணம் தூய்மைவாதம் அன்று. காற்று கடற்பரப்பை உராய்வதால் எழுவது அலை. அது சில நொடிகளுக்கு ஒருமுறை வந்து போவது, காற்று ஓய்ந்தால் தானும் தணிவது. நிலவும் ஞாயிறும் கடலை ஈர்ப்பதால் ஏற்படும் ஏற்றவற்றமோ ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நிகழ்வது, பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே அட்டவணை போட்டு வைக்கக் கூடியது. மின்வாரியத்தின் கண்ணில் இவ்விரண்டும் வேறு வேறு சரக்குகள். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் 1991 இல் இயக்கிய 150 கிலோவாட் நிலையம் உண்மையிலேயே அலையைக் கொண்டு இயங்கியது. பிரான்சின் பிரிட்டனி கரையில், ரான்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் 1966 முதல் இயங்கிவரும் 240 மெகாவாட் நிலையம் அலையைத் தொடுவதே இல்லை. இரண்டையும் அலைமின் நிலையம் என்று எழுதினால், அடுத்த வரியில் வேறுபாட்டை விளக்க ஒரு பத்தி செலவாகும்.

வேலியேற்றம், வேலியிறக்கம் என்பவை மலையாளத்தில் உயிரோடு வழங்குகின்றன. ஆனால் குமரி மாவட்டத்துக்கு வடக்கே வேலி என்றால் முள்வேலிதான் நினைவுக்கு வரும். இலங்கை அன்பர் முன்வைத்த வற்றுப்பெருக்கு எனக்கு மிகவும் பிடித்த சொல். வற்றுதலும் பெருகுதலும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதால் நிகழ்வின் முழுச் சுழற்சியையும் அது காட்டுகிறது. பாடநூலில் நிகழ்வை விளக்கும் இடத்தில் அதற்கு இணையான சொல் இல்லை என்பேன். கூட்டுச் சொல்லாக்கத்தில் மட்டும் அது தடுமாறுகிறது; வற்றுப்பெருக்கு மின்நிலையக் கதவணை மதகு என்று எழுதிப் பார்த்தால் தெரியும்.

எஞ்சுவது ஓதம். அதற்கு எதிராக வந்த மறுப்பை மதிக்கிறேன்: சுவரில் ஏறும் ஈரத்தையும் ஓதம் என்கிறோம், விரைவீக்க நோயையும் ஓதம் என்கிறோம். இரண்டும் உண்மையே. ஆயினும் கடல் என்ற பின்னணியில் யாரும் சுவரை நினைக்கப் போவதில்லை. தமிழகப் பள்ளிப் பாடநூல்களும் இச்சொல்லை நிலைநிறுத்திவிட்டன. யாரும் சுட்டாத வேறொரு இடர் உண்டு. ஓது என்ற வினையின் எச்சமும் ஓத என்றே முடிவதால், "ஓத ஆற்றல்" என்று பிரித்து எழுதினால் மந்திரம் ஓதுவதற்கான ஆற்றல் என்று படிக்கவும் வழியிருக்கிறது. ஆகவே நீர்மின் நிலையம், அனல்மின் நிலையம் என்ற வழக்கை ஒட்டி ஓதமின் நிலையம் என்றும், தனியே ஓதவாற்றல் என்றும் சேர்த்தே எழுதலாம்.

இனி, ஏறிவரும் கடல்நீரைத் தேக்கக் கழிமுகத்தின் குறுக்கே கட்டும் அணை. தடுப்பணை என்று ஒருவரும், அணைக்கட்டு என்று இன்னொருவரும் எழுதியிருந்தார்கள். தடுப்பணை ஓடையின் குறுக்கே நீரைத் தேக்கி நிலத்தடிக்கு அனுப்பும் சிறு கட்டுமானம். நமக்கு வேண்டிய சொல் காவிரிக் கரையிலேயே இருக்கிறது. மாயனூரில் ஆற்றின் குறுக்கே வரிசையாகக் கதவுகள் வைத்துக் கட்டியதைப் நீர்வளத் துறையும் ஊராரும் கதவணை என்றே அழைக்கிறார்கள். ரான்ஸில் நிற்பதும் அதுதான்: ஏறத்தாழ 750 மீட்டர் நீளம், மதகுகள், உள்ளே 24 குமிழ் விசையாழிகள் (நீரின் விசையால் சுழன்று மின்னாக்கும் பொறிகள்), ஒவ்வொன்றும் 10 மெகாவாட். எனவே ஓதக் கதவணை. ஆற்றை அடைக்காமல் விரிகுடாவின் ஒரு பகுதியை மட்டும் வளைத்துச் சுவர் எழுப்பும் அமைப்புக்கு (வேல்ஸின் சுவான்சி விரிகுடாவில் திட்டமிடப்பட்டு, 2018 இல் பிரித்தானிய அரசு ஆதரவு மறுத்தது) ஓதக் காயல் என்பதைவிட ஓதத் தேக்கம் பொருந்தும். காயல் என்றால் இயற்கையாக அமைந்தது என்ற எண்ணம் வந்துவிடும்.

இப்போது நான் முதலில் சொன்ன சிக்கலுக்கு வருகிறேன். உச்ச மட்டத்துக்கும் தாழ்ந்த மட்டத்துக்கும் இடையே உள்ள உயரத்தை ஓத வீச்சு என்று மூன்று மடல்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன.

> புள்ளியியலில் மிகப்பெரிய மதிப்புக்கும் மிகச்சிறிய மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை வீச்சு என்றுதானே படித்தோம்?

ஆம், அப்படித்தான் படித்தோம். அதே பள்ளியில், அடுத்த வகுப்பறையில், இயற்பியல் ஆசிரியர் ஊசலின் நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் விலகும் அளவை வீச்சு என்று சொல்லிக்கொடுத்தார். ஒன்று மற்றதன் இருமடங்கு. ஏறி இறங்கும் கடல்மட்டம் ஊசலைப் போன்ற நிகழ்வாக இருப்பதால், இயற்பியல் படித்தவர் இரண்டாவது பொருளையே எடுத்துக்கொள்வார். பொறியாளரின் சூத்திரமோ முதல் பொருளை வேண்டுகிறது. பாதி என்ற பிழையோடு இது நிற்பதில்லை. தேக்கத்தில் சேரும் நீரின் அளவும் அது விழும் உயரமும் இரண்டுமே இந்த அளவைச் சார்ந்திருப்பதால், கிடைக்கும் ஆற்றல் அதன் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) நேர்விகிதத்தில் அமைகிறது. பாதியைப் போட்டால் விடை கால்பங்காகிவிடும்.

ரான்ஸையே எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். தேக்கப் பரப்பு சுமார் 22 சதுர கிலோமீட்டர். சராசரி ஏற்றவற்ற உயரம் சுமார் 8 மீட்டர். நீர்மட்டம் தாழும்போது பரப்பு சுருங்குவதை விட்டுவிட்டால், ஒருமுறை முழுதும் வடிவதில் ஏறத்தாழ 20 லட்சம் அலகு (யூனிட்) மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் உண்டு. நடுநிலையிலிருந்து 4 மீட்டர் என்று கொண்டால் 5 லட்சம் அலகுதான் வரும். அந்நிலையம் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி அலகு தருகிறது. ஆண்டில் ஏறத்தாழ 706 சுழற்சிகள் என்றால் சுழற்சிக்கு 7 லட்சம் அலகு. அதன் விசையாழிகள் இருதிசையிலும் சுழலக் கூடியவை என்றாலும் பெரும்பகுதி மின்சாரம் நீர் வடியும்போதே பிறக்கிறது. ஆக, வீச்சு என்ற சொல்லைத் தவறாகப் பொருள்கொண்ட மாணவர், கடல் கொடுப்பதைவிட நிலையம் அதிகமாக எடுக்கிறது என்ற முடிவுக்கு வருவார். இப்படி ஒரு வாசலைத் திறந்து வைக்கும் சொல்லை, எவ்வளவு பழகியிருந்தாலும், நாம் தவிர்க்க வேண்டும்.

என் முன்மொழிவு ஓத இடையுயரம். இரு மட்டங்களுக்கு இடைப்பட்ட உயரம் என்பது சொல்லிலேயே தெரிகிறது. பாதியளவாகப் பொருள்கொள்ள இடமில்லை. மட்ட வேறுபாடு என்பதையும் ஒருவர் சொன்னார். அதை வேறொன்றுக்கு ஒதுக்கி வைப்பது நல்லது: கதவணையின் இருபுறமும் ஒரே நேரத்தில் நிற்கும் நீரின் உயர வேறுபாடு. கடல் வற்றத் தொடங்கிய உடனேயே மதகைத் திறப்பதில்லை. வெளியே மட்டம் போதிய அளவு தாழும்வரை காத்திருந்து, பிறகே நீரை விசையாழி வழியாக விடுகிறார்கள். இடையுயரம் இடத்தின் இயல்பு. மட்ட வேறுபாடு அந்த நேரத்தின் நிலை. இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது.

உயர் ஓதம், தாழ் ஓதம் என்பவற்றிலும் இத்தகைய நெரிசல் இருக்கிறது. ஒரே நாளில் கடல் எட்டும் உச்சத்தையும் உயர் ஓதம் என்கிறார்கள். நிலவு முழுதாகவும் மறைந்தும் இருக்கும் நாள்களை ஒட்டி ஏற்றவற்றம் மிகுவதையும் பள்ளி வழக்கில் உயர் ஓதம் என்கிறார்கள். முதல் பொருளுக்கு உயர் ஓதம், தாழ் ஓதம் இருக்கட்டும். நீர் ஏறிக்கொண்டிருப்பதற்கு ஏறோதம், இறங்கிக்கொண்டிருப்பதற்கு வடியோதம். இந்த இணை மின்நிலையத்துக்கு இன்றியமையாதது: தென்கொரியாவின் சிஹ்வா ஏரியில் 2011 இல் திறக்கப்பட்ட 254 மெகாவாட் நிலையம் ஏறோதத்தில் மட்டுமே மின்னாக்கம் செய்கிறது, ஏனெனில் ஏரியைச் சுற்றி மீட்கப்பட்ட நிலத்தைக் காக்க உள்மட்டத்தைத் தாழ்வாகவே வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது இணைக்கு, அதாவது நிலவின் நிலையை ஒட்டி ஏற்றவற்றம் மிகுவதற்கும் குறைவதற்கும், தமிழ் நமக்கு இரண்டு அரிய சொற்களை வைத்திருக்கிறது. உவா என்பது வெள்ளுவாவையும் காருவாவையும், அதாவது முழுநிலவு, மறைநிலவு இரண்டையும் குறிக்கும் பழஞ்சொல். ஏற்றவற்றம் மிகுவதும் சரியாக அந்த இரண்டையும் ஒட்டித்தான். உச்சம் ஓரிரு நாள் பிந்தி வரும் என்பதைத் தவிர. ஆகவே உவாவோதம். அரைநிலவை ஒட்டிய நாள்களில் ஏற்றவற்றம் குறைவது அதன் இணை. பறம்பு நாட்டுக் குளத்தின் வளைந்த கரைக்குக் கபிலர் உவமையாக எடுத்த எண்ணாள் திங்கள் எட்டாம் நாளின் அரைநிலவே. எண்ணாள் ஓதம் என்று வைத்தால் பொருளும் காலமும் ஒருங்கே அமைகின்றன. அட்டமி ஓதம் என்றாலும் எனக்கு மறுப்பில்லை. பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளில் அது விரைவாகப் பற்றிக்கொள்ளும்.

கதவணையே கட்டாமல், விரைந்து பாயும் நீரில் விசையாழியை நிறுத்தும் முறையைப் பற்றிப் பொறியாளர் அன்பர் கேட்டிருந்தார். ஸ்காட்லாந்தின் வடமுனையில் பென்ட்லாண்ட் நீரிணையில் 1.5 மெகாவாட் விசையாழிகள் நான்கு கடலடியில் நிற்கின்றன. அங்கே இடையுயரம் முதன்மையானதன்று. நீரின் விரைவே எல்லாம், அதுவும் மும்மடி விதிப்படி (விரைவின் கனத்துக்கு நேர்விகிதத்தில்): நொடிக்கு 2 மீட்டர் ஓடும் இடத்தைவிட 3 மீட்டர் ஓடும் இடத்தில் திறன் மூன்று மடங்குக்கும் மேல். தென்கரை மீனவர்கள் கடலின் ஓட்டத்தை நீவாடு என்பார்கள். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் கட்டுமரத்தில் பழகிய சொல் அது. ஓத நீரோட்டம் என்ற புத்தகச் சொல்லோடு ஓத நீவாடு என்பதையும் இணையாக ஏற்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன், பிறர் முகம் சுளித்தாலும்.

இறுதியாக, ஓதமின் என்பதற்கு முன் ஒட்டப்படும் அடைமொழி.

> புதுப்பிக்கத்தக்க, நிலைபேறான, பேண்தகு, வளங்குன்றா: எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல. புதுப்பிக்கத்தக்க என்பது எரிபொருளைப் பற்றிய கூற்று. ஓதத்தைப் பொறுத்தவரை அதுகூட முழு உண்மை அன்று; அதன் ஆற்றல் புவியின் சுழற்சியிலிருந்து கழிவது, அந்தக் கழிவால்தான் நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 செ.மீ. விலகிச் செல்கிறது. மனிதத் தேவைக்கு முன் அது வற்றாதது என்பதால் இவ்வழக்கு அப்படியே இருக்கட்டும். நிலைபேறான என்பது சூழலைப் பற்றிய கூற்று. அது ஒவ்வோரிடத்திலும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியது. ரான்ஸில் கட்டுமானத்துக்காகக் கழிமுகத்தைக் கடலிலிருந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அடைத்து வைத்ததில் உவர்ப்பு குறைந்து அங்கிருந்த உயிரினங்களில் பெரும்பகுதி மடிந்தன. புதிய சமநிலை வரச் சுமார் பத்தாண்டுகள் ஆயின. கனடாவின் அனாபொலிஸ் ராயலில் 1984 முதல் இயங்கிய 20 மெகாவாட் நிலையம், மீன்களுக்கு விளைந்த கேடும் பொறிப் பழுதும் சேர்ந்து 2019 இல் நின்றது. சிஹ்வாவில் நேர்மாறு: 1994 இல் கட்டிய கடற்சுவரால் ஏரி முன்பே கெட்டுக் கிடந்தது, நிலையம் வந்து நீரை உள்ளும் வெளியும் ஓடவிட்ட பிறகே தேறியது. மூன்றும் ஒரே எரிபொருள், மூன்று வேறு விளைவுகள். எனவே கலைச்சொல் பட்டியலில் "நிலைபேறான ஓதமின்" என்று ஒட்டுச்சொல்லாக வைப்பதை நான் ஏற்கவில்லை. ஓதமின் தனிப் பதிவாகவும், நிலைபேறான தனிப் பதிவாகவும் இருக்கட்டும். அடைமொழிகளுள் இலங்கையின் நிலைபேறான என்பதையே தேர்வேன். தமிழக அரசின் ஆவணங்களில் வரும் "நீடித்த நிலையான" என்பது ஒரே பொருளை இரண்டு முறை சொல்கிறது.

ஒரு சொல் இன்னும் பிடிபடவில்லை. ஏறோதம் முடிந்து வடியோதம் தொடங்குமுன் நீர் எப்பக்கமும் ஓடாமல் நிற்கும் சிறுபொழுது. நீவாட்டு விசையாழிகள் அப்போது சுழலாமல் நிற்கும், பழுது பார்ப்பவர்கள் அந்த இடைவெளியில்தான் நீரில் இறங்குவார்கள். ஓத ஓய்வு, ஓதத் தரிப்பு என்ற இரண்டை வைத்திருக்கிறேன். பாக்கு நீரிணையின் இருகரையிலும் கடலோடும் உறவினர்கள் இருக்கும் அன்பர்கள், அந்தப் பொழுதுக்கு அவர்களிடம் ஏற்கெனவே சொல் உண்டா என்று கேட்டு எழுதினால், அதுவரை அந்தப் பதிவை வெற்றாகவே வைத்திருக்கலாம்.

அன்புடன்.