ஜப்பானின் ஃபுகுவோகாவில் எட்டுப் பேர் சாப்பிட ஓர் இடம் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. இங்கே ஆங்கிலம் கற்பிக்கும் வெளிநாட்டு ஆசிரியர்கள் எட்டுப் பேர் சனிக்கிழமை இரவு வெளியே போகிறோம். எல்லோருக்கும் நகாசு ஆற்றங்கரை யத்தாய் எனும் தெருவோர வண்டிக்கடைகள்மேல்தான் கண். ஆனால் பத்துப் பேர் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தாலே அந்த வண்டிக்கடை நிறைந்துவிடும். எட்டுப் பேர் ஒன்றாக நுழைவது நடக்கிற காரியமா? இஸகாயா எனும் ஜப்பானிய மதுக்கடை-உணவகம் என்றால், கேட்காமலேயே சின்னக் கிண்ணத்தில் எதையோ வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று பில்லில் சேர்ப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. நான் சைவம், அதுதான் சிக்கல். இந்த ஊர் நூடுல்ஸ் சூப்பான தோன்கோட்சு ராமென் முழுக்கப் பன்றி எலும்புச் சாறு. தோஃபு கேட்டால் அதன்மேலும் மீன் சீவலைத் தூவிவிடுகிறார்கள். நகர மையமான தெஞ்சின் பக்கம் எனக்கும் வயிறு நிறைகிற மாதிரி, கடைசிச் சுரங்க ரயிலைப் பிடிக்கவும் வசதியாக ஏதாவது கடை தெரியுமா? முன்பதிவு செய்ய ஜப்பானிய மொழியில் நானே பேசிக்கொள்கிறேன்.