முதியோர் உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை: பேங்கில் தாலுகா ஆபீசைக் கைகாட்டுகிறார்கள், தாலுகா ஆபீசில் பேங்கை

தெற்குவீதி

வணக்கம். மாமியாருக்கு வயது 71. இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியம், 2015-ல் ஆணை ஆனது. மாதம் 1,200 ரூபாய் ஒரு அரசு வங்கிக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. ஊருக்கு மிஷினோடு வரும் பேங்க் ஆளிடம் ரேகை வைத்து எடுத்துக்கொள்வார். மூன்று மாதமாக அவர் "பணம் ஏறலை" என்கிறார். பாஸ்புக் என்ட்ரி போட்டுப் பார்த்தோம், உண்மையிலேயே ஏறவில்லை. கிளையில் கேட்டால் "ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு, கணக்குல ஒண்ணும் பிரச்சினை இல்ல, தாலுகா ஆபீஸ்ல கேளுங்க" என்கிறார்கள். அங்கே போனால் "இங்கிருந்து போயிடுச்சு, பேங்க்ல கேளுங்க". ஆதாரில் மொபைல் எண் இல்லை. ஆணை நகல் பத்திரமாக இருக்கிறது. இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

வட்டக்கணக்கு

போடாதீர்கள். பழைய ஆணை நடப்பில் இருக்கும்போது அதே ஆதாரில் இன்னொரு விண்ணப்பம் போனால், ஏற்கெனவே பயன்பெறுகிறார் என்று தள்ளுபடி ஆகும். பழையது ரத்தாகி, புதியது கிடைத்தாலும் புது ஆணைக்குப் பிறகுதான் பணம். விட்டுப்போன மாதங்களைக் கேட்க உங்களிடம் பிடி இருக்காது.

முதலில் தெரியவேண்டியது ஒன்றுதான்: உதவித்தொகை நிறுத்தப்பட்டிருக்கிறதா, அல்லது அனுப்பிய பணம் வேறெங்கோ போகிறதா? இரண்டுக்கும் வழி வேறு, ஆபீஸ் வேறு. இது தெரியாமல் அலைவதில்தான் வயதானவர்களின் பஸ் காசும் உடம்பும் வீணாகிறது.

தாலுகா ஆபீசில் வட்டாட்சியரைக் கேட்காதீர்கள். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று வேறு அதிகாரி உண்டு. பெரும்பாலும் அதே வளாகத்தில் வேறு அறை. ஆணை எண்ணும் ஆதார் எண்ணும் கொடுத்து அந்தப் பிரிவு எழுத்தரிடம் இப்படிக் கேளுங்கள். ஆணை நடப்பில் இருக்கிறதா? கடைசியாக எந்த மாதப் பட்டியலில் பெயர் இருக்கிறது? அந்த மாதப் பணம் வெற்றியா, தோல்வியா? தோல்வி என்றால் காரணம் என்ன, வெற்றி என்றால் எந்த வங்கியில் ஏறியது? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. உங்கள் விஷயத்தில் பதில் அதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். "போயிடுச்சு" என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும்.

கவுன்ட்டர்மூன்று

வட்டக்கணக்கு சொல்வது சரி. வங்கிப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

கிளையில் "ஆதார் லிங்க் இருக்கு" என்றால், கேஒய்சி-க்காக (வாடிக்கையாளர் யார் என்ற அடையாளச் சரிபார்ப்பு) ஆதார் எண் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று மட்டுமே பொருள். அரசுப் பணம் ஆதார் வழியாக வரும்போது கணக்கு எண்ணைத் தேடி வருவதில்லை. வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் மேப்பர் என்ற பட்டியலில் அந்த ஆதாருக்கு நேராக எந்த வங்கி இருக்கிறதோ அங்கே போகும். ஒரு ஆதாருக்கு ஒரே வங்கிதான் அதில் இருக்க முடியும். கடைசியாக எந்த வங்கியில் சம்மதப் படிவம் போட்டாரோ, அந்த வங்கி. அவர் பத்துக் கணக்கு வைத்திருந்தாலும் அப்படித்தான். ஆணையில் பழைய கணக்கு எண் அச்சாகியிருப்பதும் உதவாது.

கடந்த ஆறேழு மாதத்தில் நூறு நாள் வேலைக்கோ, மகளிர் குழுவுக்கோ, காஸ் மானியத்துக்கோ அவர் பெயரில் புதுக் கணக்கு ஏதாவது திறந்தீர்களா? வீட்டு வாசலுக்கே டேப்லெட்டோடு வந்து ரேகை வாங்கித் திறந்துகொடுக்கும் கணக்குகளும் சேர்த்திதான். அப்போது வாங்கும் ரேகையிலேயே மேப்பர் மாற்றத்துக்கும் சம்மதம் போய்விடும். கையெழுத்துப் போட்டதாகக்கூட அவர்களுக்கு நினைவிருக்காது.

பார்க்கும் வழி: மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதி இருக்கிறது. வங்கியின் பெயர், இணைப்பு செயலில் இருக்கிறதா, எந்தத் தேதியில் இணைந்தது எல்லாம் காட்டும். அதற்கு ஓடிபி வேண்டும், உங்களுக்கு மொபைல் இல்லை. அதனால் இரண்டு மாற்று வழி.

ஒன்று, கிளையில் "லிங்க் இருக்கா" என்று கேட்காமல் "என்பிசிஐ மேப்பரில் இப்போது எந்த வங்கி காட்டுகிறது" என்று கேளுங்கள். கேள்வி மாறினால் அவர்கள் திறக்கும் திரையும் மாறும்.

இரண்டு, இன்னும் சுலபம். ஊருக்கு வரும் அந்த மிஷினில் பணம் எடுக்கும்முன் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் வழக்கம்போல் பழைய வங்கியையே அழுத்துகிறார், மிஷின் பழைய கணக்கின் இருப்பைக் காட்டுகிறது, "ஏறலை" என்று சொல்லிவிட்டுப் போகிறார். சந்தேகப்படும் வங்கியின் பெயரை அழுத்தி, பேலன்ஸ் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அதே ரேகை, அதே மிஷின்.

ஏரிக்கரை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் தெருவில் ஒரு ஐயாவுக்கு நின்றே போய்விட்டது. தனி வட்டாட்சியர் பிரிவில் கேட்டதற்கு, கள ஆய்வில் "முகவரியில் இல்லை" என்று ரத்து என்கிறார்கள். அவர் ஆறு மாதம் மகள் வீட்டில், ஆறு மாதம் இங்கே இருப்பார். இதற்கு என்ன செய்வது?

வட்டக்கணக்கு

இது நிறுத்தப்பட்ட வகை. வங்கிக்கு இங்கே வேலையே இல்லை. விஏஓ அல்லது வருவாய் ஆய்வாளர் ஆய்வுக்கு வரும்போது கதவு பூட்டியிருந்தால் "ஊரில் இல்லை" என்று எழுதுவார். பக்கத்து வீட்டில் யாராவது ஒப்புக்குச் சொன்னதை வைத்து "இறந்துவிட்டார்" என்று பதிவான ஆட்களும் உண்டு. உயிரோடு இருக்கும் மனிதரை அப்படி எழுதுவது கொடுமை, ஆனால் சரிசெய்ய முடியாததில்லை.

ஐயாவையே நேரில் விஏஓ முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஆயுள் சான்றும் அந்த ஊரில் வசிக்கிறார் என்ற அறிக்கையும் கேளுங்கள். அதோடு ஆணை நகல், ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம், கடைசியாகப் பணம் ஏறிய பக்கம். மனுவில் "புதிதாக வழங்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். "ரத்து செய்த உத்தரவை நீக்கி, அதே ஆணை எண்ணில் தொடர்ந்து வழங்க வேண்டும், நிறுத்திய மாதங்களுக்கான நிலுவையும் வேண்டும்" என்று எழுதுங்கள். ரத்து உத்தரவின் நகலையும் கேளுங்கள். காரணம் எழுத்தில் இல்லாமல் மேல்முறையீட்டில் பேச முடியாது. தனி வட்டாட்சியர் மறுத்தால் அடுத்து வருவாய்க் கோட்டாட்சியர்.

நிரந்தரமாக மகள் ஊருக்கே போய்விட்டால், அந்த வட்டத்துக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பம் கொடுக்கலாம். ரேஷன் கார்டு முகவரியை முதலில் மாற்றிவிட்டுக் கேட்டால் இழுத்தடிக்க மாட்டார்கள். பாதி வருஷம் அங்கே, பாதி இங்கே என்றால் மாற்ற வேண்டாம். கிளம்பும்போது விஏஓ-விடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டு, ஒரு போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

தெற்குவீதி

கவுன்ட்டர்மூன்று சார் சொன்னது அப்படியே சரி. குழுக் கடனுக்காகத் திறந்த வேறொரு வங்கிக் கணக்கு இருந்திருக்கிறது. அதற்குப் பாஸ்புக்கே தரவில்லை. மிஷினில் அந்த வங்கியை அழுத்தியதும் 2,400 காட்டியது. மூன்று மாதத்துக்கு 3,600 இருக்க வேண்டுமே? 1,200 குறைகிறது. இனி பழைய கணக்கிலேயே வர வைக்கவும் முடியுமா? புது வங்கிக் கிளை 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

கவுன்ட்டர்மூன்று

முதலில் அந்தக் கணக்கின் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். மிஷினில் வரும் மினி ஸ்டேட்மென்ட்டே போதும். குறையும் 1,200-க்கு மூன்று காரணம் இருக்கலாம். குறைந்தபட்ச இருப்பு அபராதம், காப்பீட்டு பிரீமியம், கடன் தவணை என்று ஏதாவது பிடித்திருக்கலாம். குழுக் கணக்கு என்றதால் முதலில் இதைப் பாருங்கள். இல்லை, மூன்று வரவுக்குப் பதில் இரண்டுதான் இருக்கிறது என்றால், மேப்பர் மாறிய சமயத்தில் ஒரு மாதப் பணம் திரும்பிப் போயிருக்கலாம். அல்லது அந்த மாதம் பட்டியலில் பெயரே விட்டுப்போயிருக்கலாம். பின்னிரண்டும் தனி வட்டாட்சியர் பிரிவில்தான் தெரியும்.

பிரீமியம் பிடித்திருந்தால், சம்மதம் இல்லாமல் சேர்த்ததாகக் கிளை மேலாளருக்கு எழுதிக் கொடுத்துத் திருப்பிக் கேளுங்கள்.

பழைய வங்கிக்கு மாற்றலாம். பழைய கிளையில் ஆதார் சீடிங் (மேப்பரில் வங்கியை இணைப்பது) சம்மதப் படிவம் என்று கேளுங்கள். புதிய இணைப்பா, ஒரே வங்கியில் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கா, வேறு வங்கியிலிருந்து இங்கே மாற்றமா என்று படிவம் கேட்கும். மூன்றாவதைக் குறித்து, இப்போது இணைந்திருக்கும் வங்கியின் பெயரை எழுத வேண்டும். அவசரத்தில் "புதிய இணைப்பு" என்று டிக் போட்டுவிட்டால் கோரிக்கை அங்கேயே நின்றுவிட வாய்ப்பு உண்டு. ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒரு வாரம் கழித்து மேப்பரில் பெயர் மாறியதா என்று மறுபடி பாருங்கள். மாறியது உறுதியாகும்வரை புதுக் கணக்கை மூடாதீர்கள். மூடிய கணக்குக்குப் போகும் பணம் திரும்பிப் போய்விடும், மறுபடி தாலுகா ஆபீஸ் வாசல்தான்.

கையோடு ஆதாரில் மொபைல் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். எந்த ஆவணமும் வேண்டாம், ரேகை போதும். ஆதார் மையத்துக்கு அலைய முடியாவிட்டால் தபால்காரர் வழியாக இந்திய அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கி வீட்டிலேயே செய்து தருகிறது. ஆனால் கவனம்: மொபைல் எண் மட்டும் போதும், புதுக் கணக்கு வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் மேப்பர் மறுபடியும் இடம் மாறும்.

மணல்மேடு

ரேகையே விழாதவர்களுக்கு? எங்கள் பாட்டிக்கு விரல் தேய்ந்துவிட்டது. நாலு தடவை வைத்தால் ஒரு தடவை விழுகிறது. சில சமயம் "விழலைம்மா, நாளைக்கு வாங்க" என்கிறார் பேங்க் ஆள்.

கவுன்ட்டர்மூன்று

விரலைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, பத்து விரலையும் முயன்று பார்த்து, நன்றாக விழும் விரலைக் குறித்து வையுங்கள். கட்டைவிரலையே வைக்க வேண்டும் என்று விதியில்லை. ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்தாலும் கொஞ்ச நாளைக்கு நன்றாக விழும். முகம் காட்டி எடுக்கும் வசதி சில வங்கிகளின் முகவர்களிடம் இருக்கிறது, கேளுங்கள்.

எதுவும் சரிவராவிட்டால் கிளையில் பணம் எடுக்கும் படிவத்தில் கைநாட்டு வைத்து எடுக்கலாம். உடம்பு முடியாதவர் என்றால், வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரி, அடையாளம் காட்டினால் போதும் என்பது ரிசர்வ் வங்கியின் வழிமுறை. 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தரவும் 2017-லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறார்கள். கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. "ரேகை விழலை" என்று சொன்ன நாளில் உண்மையிலேயே விழவில்லையா என்று மறுநாளே பாஸ்புக்கில் சரிபாருங்கள். ஒவ்வொரு தடவையும் சீட்டு வாங்குங்கள். 1,200 எடுத்தால் 1,200-ம் கைக்கு வர வேண்டும். அதில் ஐம்பது, நூறு கேட்பவருக்குத் தரவேண்டியதில்லை. அவருக்கான கமிஷனை வங்கி கொடுக்கிறது.

ஏரிக்கரை

ஐயாவுக்கு 80 முடியப்போகிறது. 80 ஆனால் தொகை கூடும் என்கிறார்களே?

வட்டக்கணக்கு

தமிழ்நாட்டில் கைக்கு வரும் தொகை அதனால் கூடாது. 60 முதல் 79 வரை மத்திய அரசின் பங்கு 200 ரூபாய், 80 ஆனதும் 500. மாநிலம் தன் பங்கால் நிரப்பி, 2023 ஆகஸ்டிலிருந்து இரண்டு பிரிவுக்கும் 1,200 ஆகத் தருகிறது. அந்த 200 ரூபாய் எத்தனையோ வருஷமாக அசையாமல் கிடப்பது வருத்தமான விஷயம்தான், ஆனால் அது தாலுகா ஆபீசில் தீராது.

தெற்குவீதி, குறையும் மாதத்துக்கு மனு இப்படி இருக்கட்டும்:

"எனக்கு ஆணை எண் இன்னதன்படி முதியோர் ஓய்வூதியம் வழங்கப்பட்டு வருகிறது. இன்ன மாதத்துக்கான தொகை ரூ.1,200 எனது எந்த வங்கிக் கணக்கிலும் வரவாகவில்லை. இரு கணக்குகளின் பட்டியல் நகல் இணைத்துள்ளேன். அம்மாதத் தொகை அனுப்பப்பட்டதா, திரும்பியதா என்ற விவரம் தெரிவித்து, நிலுவையை வழங்க வேண்டுகிறேன்."

மாதத்தின் பெயரைக் கண்டிப்பாக எழுதுங்கள். "சில மாதங்களாக வரவில்லை" என்ற மனுவுக்கு "தற்போது வழங்கப்பட்டு வருகிறது" என்று பதில் வந்து கோப்பு முடிந்துவிடும். திரும்பிப் போன பணம் தானாக மறுபடி வராது, எழுத்தில் கேட்டால்தான் நகரும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் இல்லையென்றால் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதே நகலை இணைத்துக் கொடுங்கள். 1100-க்குப் போன் செய்தும் பதியலாம், மனு எண் குறுஞ்செய்தியில் வரும். அதுவும் நகராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இன்ன ஆணை எண்ணுக்கு இன்ன மாதம் அனுப்பிய தொகை, தேதி, வங்கி, நிலை" என்று நான்கே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

தெற்குவீதி

மினி ஸ்டேட்மென்ட்டில் இரண்டு வரவுதான் இருக்கிறது, பிடித்தம் எதுவும் இல்லை. அப்படியென்றால் திரும்பிப் போயிருக்க வேண்டும், இல்லை பட்டியலில் விட்டுப்போயிருக்க வேண்டும். மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரே ஒரு சந்தேகம்: நான் மகளிர் உரிமைத்தொகை வாங்குகிறேன், ஒரே ரேஷன் கார்டு. அத்தையின் பணத்தை நான் கிளறப்போய் எனக்கு வருவது நின்றுவிடுமா?

வட்டக்கணக்கு

நிற்காது. முதியோர் ஓய்வூதியம் வாங்குபவருக்கே உரிமைத்தொகையும் சேர்த்துக் கிடையாது, அவ்வளவுதான். அதே குடும்பத்தில் தகுதியுள்ள இன்னொரு பெண் வாங்கலாம் என்று 2023 ஆகஸ்டிலேயே தளர்த்திவிட்டார்கள். தைரியமாக மனுவைக் கொடுங்கள்.