கெஸ்ட் அடிஷன்ஸ்: சிடியில் இருந்தா, ஏப்டியிலா?

கோணேசபுரி:
வளாகப் பாடத்துக்காக விண்டோஸ் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் 7.1 (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் உபுண்டு 24.04 என்ற லினக்ஸை நிறுவினேன். திரை சின்னப் பெட்டியாகவே நிற்கிறது. விண்டோஸில் கொப்பி பண்ணியதை உபுண்டுவில் ஒட்டவும் முடியவில்லை. இவற்றைச் சரிபண்ண, உபுண்டுவுக்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருளைப் போடச் சொல்கிறார்கள். மெனுவில் வரும் சிடியில் இருந்து போடுவதா, உபுண்டுவின் பொதி நிறுவியான ஏப்டியால் இணையத்தில் இருந்து இறக்குவதா? என்னிடம் இருப்பது போன் டேட்டா மட்டும்தான்.

கப்பல்துறை:
ஏப்டிதான் தங்கச்சி, யோசிக்கவே தேவையில்லை. அடிஷன்ஸின் விபாக்ஸ்கெஸ்ட் டிரைவர் 2018இலேயே லினக்ஸின் மையமான கர்னலுக்குள், 4.16இல், வந்துவிட்டது. விண்டோஸுக்கும் உபுண்டுவுக்கும் பொதுவான பகிர்வுக் கோப்புறைக்கான விபாக்ஸ்எஸ்எஃப் 2020இல் 5.6இல் சேர்ந்தது. 24.04 வந்ததே 6.8 கர்னலோடு. ஆகவே டிரைவர் கையில் இருக்கிறது, மேலே ஓடும் இரண்டு சின்னப் பொதிகள்தான் பாக்கி. சிடி அப்படியில்லை, உங்கள் கர்னலுக்கு ஏற்ற டிரைவரை மூலக் கோடில் இருந்து அங்கேயே கட்ட, அதாவது கம்பைல் பண்ண, பார்க்கும். நாளைக்குப் புதுக் கர்னல் வந்து, பழைய சிடியின் கோடு அதில் கம்பைல் ஆகாவிட்டால் யார் பொறுப்பு?

சல்லி:
டேட்டா இல்லை என்று சொல்கிற பிள்ளைக்கு ஏப்டியா? அந்தச் சிடியின் ஐஎஸ்ஓ கோப்பு விர்ச்சுவல்பாக்ஸோடு சேர்ந்தே விண்டோஸில் வந்து இருக்கிறது, தனியாக இறக்க வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய விஷயம்: ஏப்டி இறக்கும் 24.04இன் களஞ்சியத்தில் கிடைப்பது அடிஷன்ஸ் 7.0. உபுண்டு திறப்பதோ வேலண்ட் என்ற புதுத் திரை அமைப்பில். வேலண்டில் கிளிப்போர்டு (கொப்பி பண்ணி ஒட்டுவது) பகிர்வு 7.1இல்தான் வந்தது. ஒட்ட முடியவில்லை என்று கேட்டவருக்கு, ஒட்டவே தெரியாத பதிப்பைக் கொடுக்கிறீர்கள்.

கப்பல்துறை:
கம்பைல் பண்ணத் தேவையான ஜிசிசி, மேக், பேர்ள் என்ற மூன்று கருவிகளும் இல்லாமல் அந்தச் சிடி டிரைவரைக் கட்டுமா? அதை எதால் இறக்குவது? அதே ஏப்டியால், அதே டேட்டாவில். வேலண்டுக்கும் வழி இருக்கிறது. கடவுச்சொல் கேட்கும் திரையில், கீழே மூலையில் ஒரு பற்சக்கரம் தெரியும். அதில் பழைய திரை அமைப்பான 'உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்' தெரிவு செய்தால் பழைய பதிப்பிலும் கிளிப்போர்டு வேலை செய்யும்.

சல்லி:
கணினி படிக்கிற பிள்ளைக்கு ஜிசிசி இன்றைக்கு வேண்டாம் என்றாலும் நாளைக்கு வேண்டும் அண்ணை. அது வீண் செலவில்லை. கர்னல் மாறினால் அடிஷன்ஸே அடுத்த தடவை திறக்கும்போது திரும்பக் கம்பைல் பண்ணப் பார்க்கும். ஆகாவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸைப் புதுப்பியுங்கள், புதுச் சிடியும் கூடவே வரும்.

கப்பல்துறை:
அதாவது முழு விர்ச்சுவல்பாக்ஸையும் திரும்ப இறக்கு. நல்ல சிக்கனம்.

உவர்மலை:
இரண்டு பேரும் இவ்வளவு சண்டை பிடித்தும் ஒருவரும் இதைச் சொல்லவில்லை: கிளிப்போர்டு பகிர்வு வழக்கமாக மூடியே இருக்கும். எதைப் போட்டாலும், டிவைசஸ் மெனுவில் ஷேர்ட் கிளிப்போர்டை இருபக்கமும் என்று மாற்றாவிட்டால் ஒன்றும் ஒட்டாது. பகிர்வுக் கோப்புறை 'அனுமதி இல்லை' என்று சொன்னால், உங்கள் பெயரை விபாக்ஸ்எஸ்எஃப் குழுவில் சேர்த்துவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். சிடி, ஏப்டி இரண்டில் ஒன்றைப் போட்டபின் அதன் மேல் மற்றதைப் போடாதீர்கள். முதலில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள், பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். திரையே தேவைப்படாத சர்வர் என்றால் நான் எதையும் போடுவதில்லை, வெளியே இருந்து கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்எச் போதும்.

கப்பல்துறை:
சர்வருக்கும் வேண்டும். லேப்டாப்பை மூடித் திறந்தால் உள்ளிருக்கும் மணிக்கூடு பின்தங்கி நிற்கும். பிறகு ஏப்டியே 'ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று முரண்டு பிடிக்கும். அடிஷன்ஸ் நேரத்தைச் சரிபண்ணிக்கொள்ளும்.

உவர்மலை:
அதற்கு இணையம் வழியாக நேரத்தைச் சரிபண்ணும் என்டிபி இருக்கிறதே.

கோணேசபுரி:
ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டுச் சிடியில் இருந்தே போட்டேன். முதலில் ஜிசிசி இல்லை என்றது. அதை இறக்கிவிட்டுத் திரும்ப ஓட்டி, மறுதொடக்கம் செய்ததும் ஜன்னலை இழுக்க இழுக்கத் திரையும் கூடவே பெரிதாகிறது. மெனுவில் மாற்றிய பிறகு ஒட்டவும் முடிகிறது. சல்லி அண்ணா, உவர்மலை அண்ணை, நன்றி.

கப்பல்துறை:
சந்தோஷம். அடுத்த கர்னல் வந்த அன்றைக்கும் வந்து எழுதுங்கள் தங்கச்சி.