ஏழாம் மாதத்தில் பிறந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? 34 வயதில் பிரஷர்

கோபிக்காரி:

வணக்கமுங்க. நான் 1991இல் குறைமாதத்தில், அம்மாவுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதே பிறந்தவள். எடை ஒன்றேகால் கிலோ. ஐந்து வாரம் கோயமுத்தூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அம்மாயிதான் பஞ்சில் பொதிந்து, பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டித் தேற்றினார். "ஏழு மாசத்துப் புள்ள பொழச்சுக்கும், எட்டு மாசந்தான் நிக்காது" என்பது எங்கள் ஊர்ப் பேச்சு.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். போன மாதம் தலைவலி என்று போனால் பிரஷர் 150/96. வேறு வேறு நாளில் மூன்று தடவை பார்த்தும் ஏறக்குறைய அதேதான். என் எடை 46 கிலோ. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிரஷர் கிடையாது. டாக்டர் உப்பையும் டென்ஷனையும் குறைக்கச் சொல்லி மாத்திரை எழுதினார். பிறப்பைப் பற்றி அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இன்னொன்று. எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் அதிகம். ஊட்டி டூருக்கு வகுப்பே போனபோது, "பனி ஒத்துக்காது கண்ணு" என்று என்னை மட்டும் நிறுத்திவிட்டார்கள். கொடிவேரியில் மற்றவர்கள் தண்ணீரில் ஆட, நான் எல்லோருடைய துண்டையும் வைத்துக்கொண்டு கரையில் நிற்பேன். இப்போதும் ஆபீஸில் மீட்டிங் என்றால் முந்தின ராத்திரி தூக்கம் இல்லை. இது சீக்கிரம் பிறந்ததால் வந்ததா, பொத்திப் பொத்தி வளர்த்ததால் வந்ததா? அம்மாவிடம் இந்தப் பேச்சையே எடுக்க முடியாது. வயிற்றில் என்னை வைத்துக்கொண்டு மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போனதால்தான் இப்படி ஆனது என்று இன்றுவரை நம்புகிறார்.

ஈரோடு நர்ஸ் அக்கா:

அம்மிணி, பச்சிளம் குழந்தை வார்டில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். சம்பந்தம் உண்டு. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் கருவில் ஏறக்குறைய 36 வாரம் வரை உருவாகும். சீக்கிரம் பிறந்தால் அந்த வேலை பிறந்த பிறகு கொஞ்ச நாள்தான் நடக்கும். அப்புறம் புதிதாக உருவாகாது. இருக்கிற குறைந்த எண்ணிக்கையே ஆயுள் முழுக்க உழைக்க வேண்டும். 37 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்குப் பிரஷர் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதற்கு இது ஒரு காரணம். உங்கள் டாக்டரிடம் எத்தனை வாரம், எவ்வளவு எடை என்று சொல்லுங்கள். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) பார்க்கச் சொல்லுங்கள். தலைவலிக்கு மெடிக்கலில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், அதில் சிலது சிறுநீரகத்துக்குக் கெடுதல். கல்யாணமாகிக் குழந்தை உண்டானால் முதல் செக்கப்பிலேயே இதையும் சொல்லிவிடுங்கள்.

பயம் விஷயத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. மிகவும் சீக்கிரம் பிறந்தவர்கள் பெரியவர்களானதும் சராசரியாகக் கொஞ்சம் கூச்சமும் பதற்றமும் உள்ளவர்களாக இருக்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூளை வேகமாக வளரும் கடைசி மூன்று மாதம் வெளியே கழிகிறது அல்லவா. காரணம் எதுவானாலும் தூக்கம் போகிற அளவுக்கு இருந்தால் மனநல டாக்டரைப் பாருங்கள், குணமாகக்கூடியதுதான்.

எட்டு மாதம் நிற்காது என்பது தப்பு. ஒவ்வொரு வாரம் கூடுதலாக உள்ளே இருப்பதும் பிள்ளைக்கு லாபம். அப்புறம், அம்மாவிடம் சொல்லுங்கள்: தண்ணீர் கட்டியதால் பிரசவம் முந்தியது என்று யாரும் சொல்ல முடியாது. பல நேரம் எங்களுக்கே காரணம் தெரிவதில்லை.

தாராபுரத்தான்:

நான் 29 வாரம், வயது 41. கபடி ஆடினால் மற்றவர்களுக்கு முன்னாடி எனக்கு மூச்சு முட்டும். சோம்பேறி என்று திட்டு வாங்கியே வளர்ந்தேன். இரண்டு வருடம் முன்பு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். நுரையீரலின் கொள்ளளவே குறைவாம். அன்றைக்கு பீடியை விட்டேன். அமராவதிக் கரையில் தினமும் நடக்கிறேன், இப்போது பரவாயில்லை.

பொள்ளாச்சி அம்மா:

என் பையன் 30 வாரம், இப்போது ஆறு வயது. துண்டு பிடித்து நின்றதைப் படித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு நீச்சலில் சேர்க்கலாமா என்று அவன் டாக்டரிடம் கேட்கப் போகிறேன்.

ஈரோடு நர்ஸ் அக்கா:

எல்லோரும் பயந்துவிட வேண்டாம். ஸ்வீடனில் 1973 முதல் 1997 வரை பிறந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களில் பாதிக்கு மேல் பெரிய நோய் எதுவும் இல்லாமல் இருந்தார்கள். நிறைமாதத்தில் பிறந்தவர்களில் அது 63 சதவீதம்.

கோபிக்காரி:

அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. அந்தத் தண்ணீர் கட்டும் வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் பீரோவைத் திறந்து, நகைப் பைக்கு அடியிலிருந்து ஒரு பழுத்த தாளை எடுத்து வந்தார். 31 வாரம், 1,240 கிராம். அது வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாதுங்க. போட்டோ எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறேன், அம்மாவும் கூட வருகிறார்.