குதிரை விழுந்தது, பொறி விழவில்லை: உங்கள் லாக் அனுபவங்கள்

சஸ்குஹானாக்காரன்
பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் சீசன் தெரியும் அல்லவா, கல் உரசி எழும் பொறியில் சுடும் பழைய வகைத் துப்பாக்கியான பிளிண்ட்லாக்குக்கானது. அந்தப் பொறியை எழுப்பும் இயந்திரப் பகுதிதான் லாக். அதில்தான் இது நடந்தது. நல்ல குளிர், காற்று இல்லை. பெட்டை மான் ஒன்று மரங்களுக்கு இடையில் வந்து பக்கவாட்டில் நின்றது. கல்லைக் கவ்வியிருக்கும் குதிரையை முழுதாக இழுத்து விசையைத் தொட்டேன். டக். அவ்வளவுதான். பொறி விழ வேண்டிய கிண்ணியில் வெடிமருந்து அப்படியே கிடக்கிறது, ஈரமும் இல்லை. மான் ஓடவில்லை. ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. கல் உரசும் எஃகு மூடியான ஃப்ரிஸனை மூடி மறுபடி இழுத்தேன், மறுபடி டக். அப்புறம் அது சாவகாசமாக நடந்து போனது. அந்தக் காது இன்னும் கண்ணில் நிற்கிறது.

துப்பாக்கி கடையில் வாங்கிய ரெடிமேட், கம்பெனி பெயர் வேண்டாம். கல் புதிது, முனை கூர். பிறகு பழக்கப்பட்ட துப்பாக்கிக் கொல்லர் ஒருவர் ஃப்ரிஸன் முகத்தில் அரம் வைத்தார், வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

கரிமூட்டம்
எனக்கு நேர் எதிர். சைலர் வகை ஜெர்மன் பாணி லாக்கை வார்ப்பு உதிரிகளாக வாங்கி நானே கோத்தேன். துளை போட்டது, மரை வெட்டியது, குதிரையோடு சேர்ந்து உள்ளே சுழலும் டம்ப்ளரை பிளேட்டில் உரசாமல் உட்கார வைத்தது எல்லாம் தனிக் கதை, விடுங்கள். ஃப்ரிஸன் 1095 எஃகு. காந்தம் ஒட்டாத சிவப்புக்கும் சற்று மேலே கொண்டுபோய் எண்ணெயில் முக்கினேன், அப்புறம் சமையலறை ஓவனில் வெளிர் வைக்கோல் நிறம் வரும்வரை சூடு. வீட்டில் இரண்டு நாள் மீன் பொரித்த வாடை என்று திட்டு.

இரவு கேரேஜ் விளக்கை அணைத்துவிட்டு மருந்து போடாமல் இழுத்துப் பார்த்தேன். வெள்ளைப் பொறிகள் கொத்தாக விழுந்தன. விழுந்ததும் அணையவில்லை, கிண்ணிக்குள் ஒரு கணம் உருண்டு சீறின. அதற்கப்புறம் தூக்கம் எங்கே வரும்! சஸ்குஹானா, லாக்கை மாற்றாதீர்கள். ஃப்ரிஸனைக் கழற்றிச் சூடேற்றி எண்ணெயில் போடுங்கள், முடிந்தது.

ஓஹையோ மாமா
கரிமூட்டம் தம்பி, முடியாது. உங்களுடையது 1095, அதற்குள்ளேயே கார்பன் இருக்கிறது. மலிவு ரெடிமேட் லாக்குகளில் பல, மேல்தோல் மட்டும் கடினமாக்கிய, கார்பன் குறைந்த மென் எஃகு. தோல் தேய்ந்தால் உள்ளே இருப்பது வெறும் இரும்பு மாதிரிதான். அதை எத்தனை முறை எண்ணெயில் குளிப்பாட்டினாலும் பொறி வராது. எலும்புக்கரியில் புதைத்து மூடி மணிக்கணக்கில் சிவப்புச் சூட்டில் வைத்தால்தான் கார்பன் ஏறும். இல்லையென்றால் முகத்தில் நல்ல எஃகுத் தகடு பதிக்க வேண்டும், அந்தக் காலத்திலேயே செய்த வேலைதான்.

நான் இந்தியானாவில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற ஊரில் நடக்கும் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போனபோது மேசைக் கடை ஒன்றில் ஒரு லாக் வாங்கி ஏமாந்தேன். பார்க்க அழகு, பொறியும் வந்தது, ஆனால் எல்லாம் கிண்ணிக்கு வெளியே. வார்ப்பைப் பார்த்து இன்னொரு வார்ப்பு எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு சதவீதம் சுருங்கும். அது அப்படிப்பட்ட பேரப்பிள்ளை.

ஆகவே யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். லாக் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், விளக்கை அணைத்து இழுத்துப் பாருங்கள். கல் ஃப்ரிஸனின் உயரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கில் முட்ட வேண்டும், நேராக மோதாமல் சரிந்து சீவிக்கொண்டு இறங்க வேண்டும். குதிரை நின்றதும் கல்லின் முனை கிண்ணியைப் பார்க்க வேண்டும். குதிரையைப் பாயவைக்கும் மெயின் ஸ்பிரிங் வலுவாக, ஃப்ரிஸன் ஸ்பிரிங் அதைவிட மெலிதாக. இரண்டும் முரட்டுத்தனமாக இருந்தால் கல்தான் நொறுங்கும். பொறி விழவில்லை என்றால் முதலில் கல்லைப் புரட்டிப் போடுங்கள், சாய்ந்த பக்கம் மேலேயா கீழேயா என்பது லாக்குக்கு லாக் மாறும். கல்லைத் தோல் வைத்து இறுக்குங்கள். கல் என்றால் இங்கிலாந்தின் பிராண்டன் கறுப்பு, இல்லை பிரெஞ்சு தேன் நிறம். மெஷினில் அறுத்த அகேட் சிலருக்குப் பிடிக்கும், எனக்கு ஆகாது.

எறிகல்
மாமா சொல்லாத ஒன்று. டபுள் செட் ட்ரிக்கர், அதாவது ஒன்றை இழுத்து வைத்தால் மற்றது லேசாகத் தொட்டாலே விடும் இரட்டை விசை, வைத்திருப்பவர்கள் டம்ப்ளரில் ஃப்ளை இருக்கிறதா பாருங்கள். எனக்கு வந்த பழைய துப்பாக்கியில் இல்லை. செட் ட்ரிக்கர், டம்ப்ளரைப் பிடித்திருக்கும் கொக்கியான சியரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு விடும், விரல் பிடித்துக்கொண்டிருக்காது. குதிரை பாய்ந்து வந்து அரை இழுப்புப் பள்ளத்தில் சிக்கிக் 'கிர்ர்' என்றது. கழற்றினால் சியர் மூக்கின் துணுக்கு பிளேட்டில் ஒட்டியிருந்தது. ஃப்ளை என்பது சியர் அந்தப் பள்ளத்தில் விழாமல் தாண்டவைக்கும் அரிசி அளவுத் துண்டு, அது இல்லாமல் எவன் விற்றானோ.

சஸ்குஹானாக்காரன்
மாமா, கல்லையும் புரட்டினேன், தோலும் இருந்தது. அரம் இறங்கிய ஃப்ரிஸனுக்கு எந்தக் கோணம் வைத்து என்ன பயன்? நான் கேட்டது உங்கள் முன்னால் மான் நின்ற கதை. தகடு பதிக்கக் கொடுத்தாயிற்று.

ஓஹையோ மாமா
நான் மான் வேட்டைக்கே போவதில்லை, இலக்கு மட்டும்தான். தகடு ஒட்டுகிறாரா, ரிவெட் அடிக்கிறாரா? ஒட்டினால் ஈயப் பற்று வைக்கச் சொல்லுங்கள். பித்தளைப் பற்றின் சூட்டில் தகட்டின் கடினம் போய்விடும், அப்புறம் மறுபடி முக்க வேண்டியதுதான்.

கரிமூட்டம்
ரிவெட்டும் அடித்து ஈயமும் வைத்தால்தான் நிற்கும், மாமா. வெறும் ஈயம் என்றால் ஒரு நாள் தகடு பறந்துவிடும்.