மறு: மறு: காக்னிட்டிவ் சைக்காலஜி – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

பி.எட். மாணவர்களுக்கான உளவியல் நூலில் காக்னிட்டிவ் சைக்காலஜி (கவனம், நினைவு, மொழி போன்ற மனச்செயல்களை ஆராயும் பிரிவு) அறிமுக இயல் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘அறிவாற்றல் உளவியல்’ என்று எழுதியிருந்தேன். மேலாய்வாளர் அதை அடித்து ‘புலனுணர்வு உளவியல்’ ஆக்கிவிட்டார். இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இயல் 1913-இல் தொடங்குகிறது. மனத்துக்குள் நடப்பதைச் சரிபார்க்க வழியில்லை, வெளியே தெரியும் நடத்தை மட்டும் போதும் என்று உளவியலாளர் வாட்சன் அறிவித்த ஆண்டு. பின்னர் உளவியலாளர் டோல்மன் சோதித்த எலிகள் அதற்குக் கட்டுப்படவில்லை. உணவே வைக்காத சிக்கல்வழிப் பெட்டியில் பல நாள் சும்மா திரிந்த எலிகள், உணவு வைத்ததும் தொடக்கம் முதல் உணவு பெற்றுப் பழகியவற்றுக்கு ஈடாக வழி பிடித்தன. பரிசில்லாமலே கற்றிருக்கின்றன! தலைக்குள் நடந்த அந்த வேலைக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

– திருச்சி

*

அம்மா, ‘புலனுணர்வு’ கூடவே கூடாது. அது பெர்செப்ஷன். தொல்காப்பிய மரபியல் உடலில் தொடங்கி, நா, மூக்கு, கண், செவி என்று ஐந்தறிவை அடுக்கிவிட்டு, ‘ஆறறி வதுவே அவற்றொடு மனனே’ என்கிறது. நினைவு, மொழி, சிக்கல் தீர்த்தல் எல்லாம் அந்த ஆறாவதில் அடங்கும். புலனோடு நின்றால் துறையில் பாதி போய்விடும்.

‘அறி’யும் ‘அறு’வும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் கருத்து, பகுத்துப் பிரிப்பதே அறிதல். ஆனால் அறிவு தேய்ந்த சொல்லாகிவிட்டது. ஓர்தல் என்றால் ஆராய்ந்து உணர்தல். ‘ஓர்வியல்’ என்று துணிந்து வையுங்கள்.

– தஞ்சை

*

ஐயா, எங்கள் பக்கம் ஓர்மை என்றால் நினைவு, மலையாளத்திலும் அப்படியே. துறை முழுவதற்கும் அதன் ஒரு பிரிவின் பெயரை வைத்ததாகிவிடும்.

– நாகர்கோவில்

*

இலங்கையில் ஆசிரியர் பயிற்சி பெற்ற எவரையும் கேளுங்கள்: குழந்தைகளின் மனவளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே என்றால் ‘அறிகை விருத்தி’, கல்வி நோக்கங்களை வகைப்படுத்திய புளூம் என்றால் ‘அறிகை ஆட்சி’. ஏற்கெனவே புழங்குகிற சொல் இருக்கப் புதிது எதற்கு?

‘ஆற்றல்’ இங்கே பொருந்தாது. 1967-இல் உளவியலாளர் நைசர் தம் நூலில் தந்த வரையறையைப் பாருங்கள்: புலன்வழி வந்தது உருமாறி, சுருங்கி, விரிந்து, சேமிக்கப்பட்டு, மீட்கப்பட்டு, பயன்படும் செயல்முறைகள் அனைத்தும். அத்தனையும் செயல், ஆகவே தொழிற்பெயர்தான் வேண்டும். தொழிற்பெயர் விகுதிகளில் ‘கை’ உண்டு. வருகை, செய்கை, அறிகை. ஆற்றல் என்றவுடன் மாணவர் நுண்ணறிவுத் தேர்வு என்று நினைத்துக்கொள்வார்.

– யாழ்ப்பாணம்

*

நான் மனநலச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். ‘அறிகை நடத்தைச் சிகிச்சை’ என்றால் வருகிறவர்கள் திகைக்கிறார்கள். ‘நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றுகிற பயிற்சி’ என்றால் உடனே தலையாட்டுகிறார்கள். ‘சிந்தனை உளவியல்’ என்றால் என்ன குறை?

– சென்னை

*

தம்பி, முதற்குறை, ‘சிந்தனை’ வடசொல். அதை விட்டாலும் கவனம் எங்கே போகும்? 1953-இல் காலின் செரி என்ற ஆய்வாளர் இரண்டு காதிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் கூடவே திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்றக் காதில் ஆண்குரல் பெண்குரலானது தெரிந்தது. மொழி மாறியது பெரும்பாலும் தெரியவில்லை. இதில் சிந்தனை எங்கே?

மணிமேகலை சமயக்கணக்கர் காதையில் ‘காண்டல் கருதல் உவமம் ஆகமம்’ என்று அளவைகள், அதாவது உண்மையை அறியும் வழிகள், வரிசையாக வருகின்றன. ஓர்வு வேண்டாமென்றால் ‘கருதல்’ எடுத்துக்கொள்ளுங்கள்.

– தஞ்சை

*

கருதல் அங்கே அனுமானம், ஐயா. காண்டலைத் தனியே நிறுத்திவிட்டுத்தான் கருதல் வருகிறது. நமக்கு இரண்டும் சேர்ந்து வேண்டும்.

– யாழ்ப்பாணம்

*

எல்லாருக்கும் நன்றி. நாளை கோப்பை ஒப்படைக்க வேண்டும், ஆகவே ‘அறிகை உளவியல்’ என்றே போடுகிறேன். ஒரு தொல்லை: தட்டச்சர் மூன்று இடத்தில் ‘அறிக்கை உளவியல்’ என்று அடித்திருக்கிறார், ஒன்று தலைப்பிலேயே. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். சென்னை நண்பர் சொன்னதற்காக முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘கவனித்தல், நினைவில் வைத்தல், மொழியாடல், முடிவெடுத்தல் ஆகிய மனச்செயல்கள் அறிகை எனப்படும்.’

– திருச்சி

*

அந்த அச்சுப்பிழை இனி எல்லாப் பதிப்பிலும் வரும் அம்மா. ஓர்வியலுக்கு அந்த இடர் இல்லை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

– தஞ்சை

*

பதிவாயிற்று ஐயா. அடுத்த பக்கத்தில் உளவியலாளர் மில்லரின் 1956 கட்டுரை: உடனடி நினைவில் நிற்பது 7, இரண்டு கூடலாம் குறையலாம். ஆனால் அவர் எண்ணுவது எழுத்தை அல்ல, ‘சங்க்’கை, அதாவது ஒன்றாகச் சேர்த்து நினைவில் வைக்கும் தொகுதியை. அதற்கு ‘கொத்து’ போடலாமா, ‘துணுக்கு’ போடலாமா? இரவுக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.

– திருச்சி